இலைக்கறிக்கு நேரே போட்ட சரி

எங்கள் ஆஸ்பத்திரியின் சீனி வருத்தக் கிளினிக்கில், அதாவது நீரிழிவுக் கிளினிக்கில், இனிமேல் நோயாளிகளுக்குக் கொப்பி கிடையாதாம். எல்லாம் கணினிக்குள் போய்விட்டது. என் பழைய மேசையில் இப்போது இருக்கும் தாதிப் பிள்ளை தர்சினி, போன மாதம் நான் மருந்து எடுக்கப் போனபோது இதைச் சொன்னாள். கையோடு இன்னொன்றையும் கேட்டாள். "மிஸ், ஆஸ்பத்திரியில ஒரு நினைவு மலர் போடுறம். நீங்க இவ்வளவு காலம் இந்த மேசையில இருந்த ஆள். சீனி வருத்தக்காரர்ர ஈரலுக்கு இலைக்கறியால என்ன நன்மை எண்டு ஒரு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க."

இரண்டு பக்கம் என்ன, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சீனி வருத்தம் நெடுங்காலம் கிடந்தால் ஈரலில் கொழுப்புப் படியும். ஒரு சொட்டுக் குடிக்காதவருக்கும் படியும். கவனிக்காமல் விட்டால் ஈரல் தழும்பு பிடித்து இறுகும். இதற்கென்று அந்த நாளில் எங்கள் மருந்தறையில் குளிசை இருக்கவில்லை. சோற்றைக் குறை, தேத்தண்ணிக்குச் சீனி போடாதே, நட, சாப்பாட்டுப் பீங்கானில் பாதிக்கு இலைக்கறியும் மரக்கறியும் வை. அவ்வளவுதான் மருந்து. பார்த்தீர்களா, சொல்லி முடித்துவிட்டேன்.

ஆனால் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் வர மறுக்கின்றன. கணபதிப்பிள்ளை என்று ஒரு மனிதர்தான் வந்து முன்னால் நிற்கிறார். அவரைத் தள்ளிவிட்டு எனக்கு எழுத ஏலாது. மலருக்கு இது உதவாது என்றால் கிழித்துப் போடட்டும்.

தாதிப் படிப்புக் காலத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. யுத்தத்துக்குள் படித்தோம், யுத்தத்துக்குள் வேலைக்கு வந்தோம், பயந்து பயந்து பயமே விட்டுப்போனது. எனக்கு நியமனம் படுவான்கரையில். வாவியின் மேற்குக் கரையை, சூரியன் படுகிற கரை என்று நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நகரம் கிழக்கே எழுவான்கரையில். "ரெண்டு வருசம் இருந்து பாருங்க, மாத்தித் தாறம்" என்றார்கள். மாற்றம் கேட்டு நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. எழுவான்கரையில் எனக்கென்று ஒரு வீடு மட்டும்தான் இருந்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆண்கள் மனைவியின் வீட்டுக்கு வந்து இருப்பார்கள். அம்மா அந்த வீட்டைச் சீதனமாக என் பேருக்கு எழுதினா. சீதனம் வாங்கத்தான் ஆள் வரவில்லை. நேர்ஸ் வேலை, இரவு டியூட்டி, நாட்டு நிலைமை என்று ஒவ்வொரு சம்பந்தமும் ஒவ்வொரு காரணம் சொல்லிப் போனது. கடைசியில் காரணம் சொல்லவும் யாரும் வரவில்லை.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை கிளினிக். முதல் பஸ்ஸிலேயே வெறும் வயிற்றோடு வந்து இறங்குவார்கள். முதலில் இரத்தம் எடுப்போம். எடுத்து முடிந்ததும் மாமரத்துக்குக் கீழே போய், கொண்டுவந்த பணிசையோ இடியப்பத்தையோ சாப்பிடுவார்கள். பிறகு நிறை, பிறகு பிறஷர், பிறகு என் மேசை, கடைசியில் டொக்டர். என் மேசையில் சாப்பாட்டுப் பீங்கானின் படம் ஒன்று இருக்கும். பாதிக்குப் பச்சை நிறம் அடித்து வைத்திருந்தேன். பக்கத்தில் வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலை, கங்குன் என்று அன்றைக்குக் கிடைத்த கட்டுகள். ஒவ்வொருவரின் கொப்பியையும் திறந்து கேட்பேன்: "இலைக்கறி சாப்பிடுறீங்களா?" "ஓம் மிஸ்." இலைக்கறிக்கு நேரே ஒரு சரி அடையாளம். அடுத்தவர்.

என் வாய் பொல்லாத வாய். சீனி கூடி வந்தவரை ஏசாமல் அனுப்ப மாட்டேன். ஒரு வயதான அம்மா ஒருநாள் என் மேசையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆடு தின்னுறதெல்லாம் எங்களத் தின்னச் சொல்றீங்க, ஆட்ட மட்டும் தின்ன வேணாம் எண்டுறீங்க, இதென்ன ஞாயம் மிஸ்?" என்று கேட்டா. வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தபடியே அவவின் கொப்பியிலும் ஒரு சரி போட்டேன்.

எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். கீரைக்கு ஓம் என்றால் நம்புவேன். ஆம்பிளைகள் குடிக்கு இல்லை என்றால் நம்ப மாட்டேன். இதை அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பெரிய டொக்டர் ஏறாவூர்க்காரர். மெலிந்த மனிதர், சத்தம் போடத் தெரியாதவர். அவர் ஈரல் பார்க்கும் விதத்தை நான் வேறு யாரிடமும் காணவில்லை. நோயாளியைக் கட்டிலில் படுக்க வைத்து முழங்காலை மடிக்கச் சொல்வார். தன் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்குவார். குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகிவிடுமாம். வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே விரல்களை வைத்து, "மூச்ச எடுங்க… மெதுவா விடுங்க" என்பார். எடுக்கும் மூச்சில் ஈரல் கீழே இறங்கும். அதற்காக விரலை அசைக்காமல் காத்திருப்பார். ஒருமுறை நான் அவசரப்பட்டு அழுத்தியதைக் கண்டுவிட்டு, "ஈரல் தானா வந்து விரலத் தொடணும் மிஸ். நாம போய்க் குத்தப்படா" என்றார்.

அப்படி விரலை வைத்துக்கொண்டே மூன்று கேள்வி கேட்பார். நேற்று ராவைக்கு என்ன சாப்பிட்டீங்க? ஆரு சமைச்ச? ஆரோட இருந்து சாப்பிட்டீங்க? முதலாவது எனக்கு விளங்கியது. இரண்டாவதும் ஒருமாதிரி விளங்கியது. மூன்றாவது கேள்விதான் எரிச்சல். வெளியே அத்தனை பேர் காத்திருக்க இவர் இருந்து குடும்பக் கதை கேட்கிறாரே என்று நினைப்பேன். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "டொக்டர், ஆரோட சாப்பிட்டா ஈரலுக்கு என்ன?" அவர் கொப்பியிலிருந்து தலையை எடுக்காமல், "இலைக்கறிக்கு ஆள் வேணும் மிஸ்" என்றார். நான் அதை விளையாட்டுக் கதை என்று எடுத்துக்கொண்டேன்.

கணபதிப்பிள்ளை ஐயாவுக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. அவர் ஊரின் வட்டவிதானை. ஒரு வட்டையில், அதாவது ஒரு வயல்வெளியில், காணி வைத்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து, தண்ணீர் திறக்கவும் வரம்புச் சண்டை தீர்க்கவும் தெரிவு செய்கிற ஆள். வெள்ளைச் சேர்ட்டும் சாரனும், தோளில் துவாய். மனைவி முந்தியே காலமாகிவிட்டா. மகள் சுமதியும் அவளுடைய சின்னப் பெண்பிள்ளையும்தான் துணை. சுமதியின் புருசன் கள்ளச் சாராயமான கசிப்பைக் குடித்துக் குடித்து, வயிறு வீங்கி, எங்கள் வார்டில்தான் செத்துப்போனான். அவனுடைய கடைசிக் கிழமையில் நான்தான் டியூட்டியில் இருந்தேன்.

சுமதி மாதம் தவறாமல் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வருவாள். என் மேசையில் அவளைப் போல் கேள்வி கேட்டவர்கள் குறைவு. "முருங்கையிலச் சுண்டல் கசக்கிது மிஸ், என்ன செய்யிற?" என்பாள். இலையைச் சும்மா கிடந்து வேகவிடாதே, நிறம் மாற முதல் இறக்கு, தேங்காய்ப்பூ கொஞ்சமாகப் போடு, தேசிக்காய்ப் புளியை ஆறின பிறகு விடு என்று சொல்லிக் கொடுத்தேன். அடுத்த மாதம் ஒரு சின்னப் பெட்டியில் சுண்டல் கொண்டுவந்து, "ருசி பாருங்க மிஸ்" என்று நீட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு சுண்டலை நான் அதற்கு முதல் சாப்பிட்டதில்லை. கணபதிப்பிள்ளை ஐயா பக்கத்தில் இருந்து, "என்ட மகள் என்ன மாடாக்கிப் போட்டா மிஸ். இன்னும் கத்தாமக் கிடக்கன், அதுதான் மிச்சம்" என்றார். சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. அவருடைய சீனி இறங்கியது. நிறையும் இறங்கியது. ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது.

பிறகு ஒரு இரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் பிழையாக வந்தன. பெரிய டொக்டர் நகரத்தில் ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர் ஒரு படிப்புக்காக அரை வருடம் கொழும்புக்குப் போய்விட்டார். பதிலுக்கு வந்த டொக்டர் இரண்டு ஆஸ்பத்திரி பார்க்க வேண்டியவர்; பத்து மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போய்விடுவார். ஆகவே ஸ்கேன் முடிவை முதலில் பிரித்தது நான்தான். ஈரலில் கொழுப்பு, தழும்பு தொடங்கியிருக்கிறது என்று இருந்தது. இப்படியானவர்களுக்குக் கொப்பியில் ஒரு தாள் ஒட்டி விபரம் நிரப்ப வேண்டும். தாளின் முதல் வரி: மதுப் பாவனை, ஓம் அல்லது இல்லை.

சுமதி அந்த நேரம் மருந்து வரிசையில் நின்றாள். நான் கேட்டேன். "குடி இரிக்கா ஐயா?"

"இல்ல மிஸ்."

"எப்பயாவது? கலியாண வீடு, வேளாண்மை வெட்டு முடிஞ்ச நேரம்?"

"இல்ல மிஸ். வாயில வெச்சதில்ல."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. இதே வார்த்தையை இதே கதிரையில் இருந்து அவருடைய மருமகன் சொன்னதைக் கேட்டவள் நான். மாமனும் மருமகனும் ஒரே போத்தல்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். ஓம் என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டேன். அடுத்த வரி இலைக்கறி. அதற்கு நேரே வழக்கம் போல ஒரு சரி. கொப்பியை மூடிக் கொடுத்தேன். அவர் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அவர் தனியே வந்தார். மகள் எங்கே என்று கேட்டேன். "வேல மிஸ்" என்றார். இலைக்கறி? ஓம் மிஸ். சரி. அதற்கடுத்த மாதமும் தனியே. இலைக்கறி? ஓம் மிஸ். சரி. இப்படி ஐந்து தரம். கன்னம் ஒட்டி, கை மெலிந்து வந்தது. நிறை குறைகிறது என்று நான் அவரைப் பாராட்டினேன். அடக் கடவுளே, பாராட்டினேன்! கை மெலிகிற மனிதருக்கு வயிறு ஏன் மெலியவில்லை என்று பார்க்க எனக்குக் கண் இருக்கவில்லை.

பெரிய டொக்டர் திரும்பி வந்த முதல் செவ்வாய்க்கிழமை அவரைக் கட்டிலில் படுக்க வைத்தார். கையைத் தேய்த்தார். விரலை வைத்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு வயிற்றின் பக்கவாட்டில் தட்டித் தட்டிக் கேட்டார். நீர் சேர்ந்திருந்தது. நான் பக்கத்தில் கொப்பியோடு நின்றேன்.

"நேத்து ராவைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"பாணும் தேத்தண்ணியும் ஐயா."

"ஆரு சமைச்ச?"

"பாணுக்கு என்னத்தச் சமைக்கிற."

"ஆரோட இருந்து சாப்பிட்டீங்க?"

கணபதிப்பிள்ளை ஐயா எழுந்து உட்கார்ந்தார். சேர்ட் பொத்தானைப் போட்டார். என் கையிலிருந்த கொப்பியைக் காட்டி, "ஐயா, அதுல ஒரு எழுத்து இரிக்கி. அத வெட்டித் தர ஏலுமா? மகள் வாசிச்சிட்டா" என்றார்.

பிறகுதான் கதை வந்தது. அன்றைக்குப் போகும் வழியில், அடுத்த கிளினிக் எந்தத் திகதி என்று பார்க்கச் சுமதி பஸ்ஸுக்குள் கொப்பியைத் திறந்திருக்கிறாள். தாளைக் கண்டிருக்கிறாள். வீட்டு வாசலில் வைத்து, "இந்த வீட்டுல ஒருத்தன் குடிச்சிச் செத்தது காணும். என்ட புள்ளைக்கு முன்னால இன்னொண்டு வேணாம் அப்பா" என்றிருக்கிறாள். வீடு அவளுடையது. தாய் அவளுக்கு எழுதியது. கணபதிப்பிள்ளை ஐயா சாரனையும் துவாயையும் எடுத்துக்கொண்டு, வேளாண்மைக் காவலுக்கு வட்டையில் போட்டிருந்த வாடிக்குப் போய்விட்டார். ஒரு தட்டி மறைப்பு, மேலே கிடுகு, ஒரு ஆள் படுக்கும் இடம். ஆறு மாதமாக அங்கேதான்.

"நீங்க இல்லையெண்டு சொல்லல்லியா?" என்று டொக்டர் கேட்டார்.

"சொன்ன ஐயா. மிஸ்ஸுக்கும் இல்லையெண்டுதான் சொன்ன. எழுத்துல கிடக்கிறதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ற?"

அவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. குரலில் கோபமும் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரிய டொக்டருக்குக் கோபம் வந்தால் கை கழுவுவார். அன்றைக்கு நெடுநேரம் கழுவினார். துடைத்துவிட்டு வந்து கொப்பியை என் பக்கம் திருப்பினார். "ஆர்ர எழுத்து மிஸ் இது?"

"என்டது டொக்டர்."

"அப்ப நீங்களே திருத்துங்க."

மருத்துவக் கொப்பியில் பிழையை அழிக்கக் கூடாது. மை பூசி மறைக்கவும் கூடாது. குறுக்கே ஒற்றைக் கோடு. கீழே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் திகதியும் வைக்க வேண்டும். எத்தனை பேருக்கு இதைப் படிப்பித்திருப்பேன். அன்றைக்குக் கோடு நேராக வரவில்லை. இல்லை என்று எழுதினேன், கையெழுத்து வைத்தேன். ஐயாவிடம் நீட்டப் போனபோது டொக்டர் தடுத்தார். "அவருக்கிட்டக் குடுத்து என்ன? நீங்க கொண்டுபோய் மகள்ட கையில குடுங்க."

வயிற்று நீருக்குக் குளிசை எழுதிக் கொடுத்து, இரண்டு கிழமையில் வந்து காட்டச் சொல்லி அனுப்பினோம். கொப்பி என் கையில் தங்கியது.

நான் அன்றைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மழை என்றேன். டியூட்டி என்றேன். சைக்கிளுக்குக் காற்று இல்லை என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டது. ஒரு காலையில் நாற்பது பேரை ஏசுகிற வாய், பிழை என்னுடையது என்று ஒரு பெண்ணுக்கு முன்னால் சொல்ல மறுத்தது. பதினொரு நாள் போனது. அந்தப் பதினொரு நாளும் அவர் வாடியில் இருந்து பாண் சாப்பிட்டார் என்பதை நான் மறப்பதில்லை.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் போனேன். சுமதி வீட்டு வாசலில் பாய் விரித்து, சுளகில் பொன்னாங்காணி ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. "வாங்க மிஸ்" என்றதில் வரவேற்பு இல்லை. கொப்பியைத் திறந்து கோட்டைக் காட்டினேன். பார்த்தாள். திருப்பி என்னிடமே தந்தாள்.

"எழுதினதும் நீங்கதான். இப்ப வெட்டினதும் நீங்கதான். இதுல எத மிஸ் நான் நம்புற?"

நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் சோடித்து வந்த வார்த்தை ஒன்றும் உதவவில்லை. "சுமதி, உங்கட அப்பா இல்ல எண்டுதான் சொன்னார். ரெண்டு தரம் சொன்னார். நான்தான் நம்பாம ஓம் எண்டு போட்ட. உங்கட புருசன்ட வயித்த நினைச்சுப் போட்ட. சீனி வருத்தத்தாலயும் ஈரல் இப்புடி வரும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்ட."

அவளுடைய கண்ணிலிருந்து தண்ணீர் சுளகுக்குள் விழுந்தது. "அப்பாட வாயில ஒருநாளும் மணம் வந்ததில்ல மிஸ். அந்த மணம் எனக்குத் தெரியாதா? ஆறு வருசம் அதோட படுத்தெழும்பின நான். ஆனா எழுதிக் கிடந்ததே! படிச்சவங்க எழுதினா சரியாத்தானே இரிக்கும் எண்டு…" என்றாள். இருவரும் இருந்து அழுதோம்.

பிறகு அவள் சுளகை இழுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். நானும் ஆய்ந்தேன். வருடக் கணக்காக இலைக்கறி சாப்பிடு என்று சொல்லி வந்தவள், ஒரு கட்டுப் பொன்னாங்காணியை முழுக்க ஆய்ந்தது அன்றைக்குத்தான். ஆய, கழுவ, நறுக்க ஒரு மணித்தியாலம். அடுப்பில் ஐந்து நிமிடம். அத்தனை இலையும் சுருங்கி ஒரு பிடி. அந்த ஒரு மணித்தியாலமும் எங்களுக்குப் போனது தெரியவில்லை, ஏனென்றால் எதிரே ஆள் இருந்தது. தனியே இருக்கிற ஒருவர் தனக்கு மட்டும் இதைச் செய்ய மாட்டார் என்று அங்கே இருந்துதான் எனக்கு விளங்கியது.

சோறும் சுண்டலும் பெட்டியில் எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, வரம்பால் நடந்து வாடிக்குப் போனோம். கணபதிப்பிள்ளை ஐயா வெளியே குந்தியிருந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் பாதிப் பாண், கடதாசியில் சுற்றியபடி. சுமதி அவருடைய காலடியில் இருந்துவிட்டாள். "அப்பா, வாங்க வீட்ட போவம்."

அவர் பேத்தியின் தலையைத் தடவினார். "அழாத மகள். சாப்பாட்டத் தா" என்றார். சாப்பிட்டார். ஒரு இலைகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு, "அது உன்ட வீடு மகள். நான் இங்க இரிக்கன்" என்றார்.

அவர் திரும்பிப் போகவே இல்லை. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள், நானும் போய்ச் சொன்னேன், பெரிய டொக்டரும் சொன்னார். அந்த ரோசத்துக்கு எங்கள் யாரிடமும் மருந்து இல்லை. சுமதி நாள் தவறாமல் சுண்டல் செய்து வரம்பால் கொண்டுபோனாள். அவர் சாப்பிட்டு முடியும்வரை எதிரே இருந்தாள். வயிற்று நீர் வற்றியது. சீனி மறுபடி இறங்கியது. ஈரல் மட்டும் பழையபடி ஆகவில்லை. இரண்டு போகம் வேளாண்மை வெட்டுக் கண்டார். மூன்றாம் போகத்து விதைப்புக் காலத்தில் ஒருநாள் வாயால் இரத்தமாகச் சத்தி எடுத்து, நகரத்துக்குக் கொண்டுபோகும் வழியில் போய்விட்டார். சுமதிக்கு அவருடைய தலையை மடியில் வைத்திருக்கக் கிடைத்தது. என்னுடைய வட்டம் தின்ற அந்த ஆறு மாதத்தில்தான் ஈரல் இறுகியது என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, இலைக்கறிக்குச் சரி போட முதல், அந்த மூன்றாவது கேள்வியை நானும் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, என் வரிசையில் எத்தனை தனி ஆட்கள் நின்றார்கள் என்று. மகள் வெளிநாட்டில், மகன் கொழும்பில், புருசன் யுத்தத்தில் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "தனியத்தான் மிஸ்." கொப்பியில் அதை எழுத இடம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரு கட்டை ஆயுங்கள் என்று சிலரைக் கோர்த்துவிட்டேன். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை.

இப்போது நான் எழுவான்கரையில், அம்மா எழுதித் தந்த அந்த வீட்டில் இருக்கிறேன். எனக்கும் சீனி. போன வருடத்து ஸ்கேனில் எனக்கும் ஈரலில் கொழுப்பு. நம்ப மாட்டீர்கள், வாய் திறந்தால் வல்லாரை என்று சொன்னவளுக்கு! காலையில் கீரைக்காரர் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு வருவார். முந்தி வாங்கினேன். ஒரு கட்டு ஒருத்திக்கு அதிகம். ஆய உட்கார்ந்தால் வீட்டின் சத்தமின்மை காதில் அடிக்கும். பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுவேன். அடுத்த நாள் அது வாடிப்போய்க் கிடக்கும். இப்போது மணி கேட்டால் கதவைத் திறப்பதில்லை. மருந்துக்கு மட்டும் வாவியைத் தாண்டி பஸ்ஸில் படுவான்கரைக்குப் போகிறேன். பக்கத்திலேயே வேறு ஆஸ்பத்திரி இருக்கிறதுதான். அங்கே என்னை மிஸ் என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

போன மாதம் மலர்க் கதை பேசி முடித்த பிறகு, தர்சினி என் விபரத்தைத் திரையில் திறந்தாள். பிறஷரைத் தட்டினாள், நிறையைத் தட்டினாள். "குடி இல்ல" என்று தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு தட்டினாள். "இலைக்கறி? உங்களிட்டப் போய்க் கேக்கிறன் பாருங்க. சாப்பிடுறீங்கதானே மிஸ்?"

"ஓம்" என்றேன்.

சரி விழுந்தது. மருந்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். மாமரத்துக்குக் கீழே ஆட்கள் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து தரம் ஓம் மிஸ் என்று சொல்லிவிட்டு இந்த வழியால்தான் கணபதிப்பிள்ளை ஐயா வாடிக்குப் போயிருப்பார். திரும்பி மேசைக்கு வந்தேன்.

"தர்சினி, அத வெட்டு."

"எத மிஸ்?"

"இலைக்கறிக்குப் போட்ட சரிய."

அவள் முழித்தாள். பிறகு திரையில் ஒருதரம் தொட்டாள். சரி போய்விட்டது. கோடும் இல்லை, அடையாளமும் இல்லை, முதலில் ஒன்று இருந்தது என்றே தெரியவில்லை.

"அப்ப நேத்து ராவைக்கு என்ன மிஸ் சாப்பிட்டீங்க?"

"பாணும் தேத்தண்ணியும்."

அவள் கையைத் திரையிலிருந்து எடுத்தாள். கதிரையைத் திருப்பி என்னை நேரே பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"தனியவா மிஸ் இரிக்கீங்க?"

"ஓம்" என்றேன்.